அத்துமீறிய திகதி

எங்கள் காணிப் பிரிவில் ஒரு படிவம் இருக்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதி முடித்த பிறகு நான்காவது கட்டத்தில் ஒரு கேள்வி வரும்: அரச காணியில் அத்துமீறிக் குடியேறிய திகதி. தான் இருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் கேட்டு வருகிறவர், முதலில் தான் அத்துமீறியவர் என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால்தான் அரசாங்கம் பெரிய மனது பண்ணி, சரி இருந்துவிட்டுப் போ என்று ஒரு தாள் கொடுக்கும்.

அந்தக் கட்டத்தை நிரப்புவதில் எனக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. "எப்ப இருந்து இருக்கீங்க?" என்று கேட்பேன். சிலர் கல்யாணம் கட்டிய வருடத்தைச் சொல்வார்கள். சிலர் மூத்த பிள்ளையின் வயதைச் சொல்லி என்னையே கணக்குப் பார்க்க விடுவார்கள். பாதிப் பேர், "பொறந்ததுல இருந்து இங்கதாங்க" என்பார்கள். அதற்காக நாங்கள் பேனாவை நிறுத்துவதில்லை. அடையாள அட்டையைப் பார்த்து, பிறந்த திகதியை அப்படியே எடுத்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவோம். எங்கள் கோப்புகளை நம்புவதென்றால், மாத்தளைப் பக்கத்தில் எத்தனையோ பேர் தாய் வயிற்றிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அரச காணிக்குள் அத்துமீறி நுழைந்திருக்கிறார்கள். இதில் சிரிக்கவோ வெட்கப்படவோ ஏதாவது இருப்பதாகப் பல வருடங்கள் எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள். எங்கள் அப்பா தோட்டத்து ஆபீசுக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். தொரை நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நிற்பார். நான் பட்டம் முடித்து, நியமனம் கிடைத்து, இந்தப் பிரதேச செயலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே, நமக்கு முன்னால் ஆட்கள் நிற்பது எவ்வளவு சுகமான விஷயம் என்று கண்டுபிடித்துவிட்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? முத்திரையை மைத்தட்டில் ஒற்றித் தாளில் குத்தும்போது உடம்பில் ஒரு தெம்பு வரும். கதிரையில் உட்கார்ந்தவள் லயத்துப் பிள்ளைதான், ஆனால் அந்தக் கதிரைக்கு ஒரு குணம் இருந்தது.

அந்தப் படிவத்தின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் கோப்பி நட மலை தேடி வந்தபோது ஒரு சட்டம் போட்டான். யாரிடம் காகிதம் இல்லையோ அவர் நிற்கும் நிலம் ராணியினுடையது. காட்டை வெட்டி, சேனைப் பயிர் போட்டு, பலா நட்டு வாழ்ந்த சனத்திடம் காகிதத்துக்கு எங்கே போவது? ராணி போனார். முடிக்குரிய காணி என்பதை வெட்டிவிட்டு அரச காணி என்று எழுதினார்கள். மற்றபடி நினைப்பு அதேதான்: நிலம் எங்களுடையது, நீ யார் என்று நீதான் நிரூபிக்க வேண்டும். அந்த நினைப்பை நான் தினமும் காலை எட்டரை மணிக்கு அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மழைக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தார். பல்லேபொலப் பக்கத்தில் மிளகும் சாதிக்காயும் நிற்கும் ஒரு சின்னத் தோட்டத்துக்காரர். அறுபது வயதிருக்கும். கணவர் இல்லை, ஒரு மகளோடு இருக்கிறார். மழையில் வீட்டின் பின்சுவரும் குசினியும் இடிந்து விழுந்துவிட்டன. வீடு திருத்தும் திட்டத்தில் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் காணிக்குக் காகிதம் வேண்டும். காகிதம் வேண்டுமென்றால் இந்தப் படிவம். அவர் முஸ்லிம் என்பதால் நான் உம்மா என்று கூப்பிட்டேன். அவர் எடுத்த எடுப்பிலேயே என்னை மகள் என்றார். வழக்கம் போலப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். நான்காவது கட்டம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இதில கைவெக்க ஏலாது மகள்."

"ஏன் உம்மா? எல்லாரும் வைக்கிறாங்களே."

"வெக்கட்டும். நான் எங்க அத்துமீறின? எங்கட வாப்பா, வாப்பாட வாப்பா, அவர்ட வாப்பா, எல்லாரும் அங்கதான் இருந்த. நான் இதில கைவெச்சா அவங்க எல்லாரயும் கள்ளனாக்கின மாதிரித்தானே."

"அது சும்மா ஒரு கட்டம் உம்மா. யாரும் படிக்கக்கூட மாட்டாங்க."

"ஆரும் படிக்காட்டி என்னத்துக்குக் கேக்குற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். இவர் வீட்டுக்குப் பின்சுவர் இல்லை, தறப்பாள் கட்டிப் படுக்கிறார், இதில் ரோசம் வேறு. "கையெழுத்து வைக்காட்டி உங்க பேரு போகாது. பேரு போகாட்டி வீடும் இல்ல, நாளைக்கு ஆளில்லாத காணின்னு வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் படிவத்தை மடிக்காமல், கசக்காமல், என் பக்கமாகத் தள்ளி வைத்தார். "கட்டத்த வெறுமையா வெச்சிட்டு மத்தத எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சுவரோரத்து மர வாங்கில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏசிய பிறகும் அந்த முகத்தில் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் வெறுமையாகவே எழுதினேன்.

அடுத்த கிழமை காணி பார்க்கப் போனோம், நானும் அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தரான சிங்கள இளைஞரும். ஒருவர் எவ்வளவு காலம் ஓரிடத்தில் இருக்கிறார் என்பதை நாங்கள் மரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். தென்னையில் மட்டை விழுந்த வடுக்களை எண்ணுவோம், பலாவின் சுற்றளவை அளப்போம். ஆள் பொய் சொன்னாலும் மரம் சொல்லாது என்பது எங்கள் பிரிவின் நம்பிக்கை. உம்மாவின் வீட்டுக்கு மேல்பக்கம் ஒரு பலா நின்றது. நான் கொண்டுபோன நாடா அதைச் சுற்றி வரவில்லை. இளைஞர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கையை விரித்துப் பிடித்தும் எங்கள் விரல்கள் தொடவில்லை. அவர் குறிப்பேட்டில் பலா, பழையது என்று எழுதிவிட்டு வேறு வழியில்லாமல் சிரித்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்தார். மரத்தடியில் உட்கார்ந்துதான் உம்மா அந்தக் கதையைச் சொன்னார்.

"வெள்ளக்காரன்ட ஆக்கள் சங்கிலி எடுத்துக்கிட்டு ஊர அளக்க வந்த நேரமாம். எங்கட ஆக்களுக்குப் பயம். வீட்டுக்கு வரி போடுவான், ஆம்புளயள ரோட்டு வெட்டப் புடிச்சிக்கிட்டுப் போவான் எண்டு. கதவப் பூட்டிட்டு, கோழியையும் கூடைக்குள்ள போட்டுக்கிட்டு, ரெண்டு நாள் மேல காட்டுக்குள்ள போய் ஒளிச்சி இருந்திருக்காங்க. வந்தவன் கூப்பிட்டுப் பாத்தானாம். ஒரு ஆளுமில்ல. எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

"என்னன்னு எழுதினான்?"

"அத நீங்கதானே மகள் பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தேன். எங்கள் அலுவலகத்தில் இருக்கும் பழைய கிராம வரைபடத்தில் அந்த இடத்தில் காடு என்றுதான் இருக்கிறது. அந்த வரைபடத்தை நான் எப்போதும் மதிப்போடுதான் பார்ப்பேன். ஓடை திரும்புகிற இடம், பாறை, வயலுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை எல்லாம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். சங்கிலி பிடித்தவர்கள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறார்கள். மனிதர் மட்டும்தான் அதில் இல்லை. இல்லாமல் போனதற்கு அவர்கள் மட்டும் காரணமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அண்டைக்கி ஒளிச்சது எங்கட பிழை" என்றார் உம்மா. "இருந்துக்கிட்டே இல்ல எண்டு ஆக்கிக்கிட்டோம். இப்ப நான் இதில கைவெச்சா திரும்பவும் ஒளிச்ச மாதிரித்தான். அதான் ஏலாது எண்டு சொன்ன. ரோசத்தில சொல்லல்ல."

எங்கள் லயத்திலும் இதே கதைதான். கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்றால் கதவுகள் மூடிக்கொள்ளும். எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு பேரைக் குறைத்துச் சொல்வார்கள். அரசாங்கம் எதைக் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போகத்தான் கேட்கும் என்று எங்கள் சனம் படித்து வைத்திருந்தது. அப்படி மறைந்து மறைந்தே பதிவில் இல்லாத சனமாகி, பிறகு பதிவில் இல்லை என்பதற்காகவே ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இதை ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்தும் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் வந்தது வெறும் இரக்கமில்லை, மரியாதை.

பிறகு காணிக் கச்சேரி வந்தது. பெயர்தான் கச்சேரி, பாட்டெல்லாம் இல்லை. பல்நோக்கு மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் பிரதேச செயலாளர் உட்கார்ந்திருப்பார். விண்ணப்பித்த சனம் முழுவதும் முன்னால் இருக்கும். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட எழும்ப வேண்டும். எப்போதிலிருந்து அத்துமீறி இருக்கிறீர் என்று ஒரு கேள்வி. இவருக்குக் கொடுப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று சபைக்கு ஒரு கேள்வி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் முறை இது. நடத்தியவர் ஒரு சிங்கள அம்மணி, நாங்கள் மெடம் என்போம். தமிழில் பேசுகிறவர்களுக்கு நான்தான் வாய். வாய் என்றாலும் நான் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் மொழிபெயர்ப்பேன். சனம் நீட்டி முழக்கினால் நான் ஒரு வருடத்தைச் சொல்லி முடித்துவிடுவேன். எல்லாருக்கும் வேலை சுலபம்.

உம்மாவின் பெயர் வந்தது. எழுந்து முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராக நின்றார். கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"நான் அத்துமீறல்ல" என்றார். "அளக்க வந்த நேரம் எங்கட ஆக்கள் பயத்தில ஒளிச்ச. அது எங்கட பிழை, ஒத்துக்கொள்றேன். ஆனா நாங்க அங்கதான் இருந்த. இண்டைக்கி நான் ஒளிக்கல்ல, இங்க நிக்கிறேன். காணிய எனக்கு எழுதுங்க. கள்ளி எண்டு எழுதிட்டுத் தராதீங்க."

மெடம் என்னைப் பார்த்தார். பல வருடம் பழகிய வாய் தயாராக இருந்தது: தகப்பன் காலத்திலிருந்து இருக்கிறாராம் மெடம். அவ்வளவுதான், அடுத்தவர் எழும்பியிருப்பார். உம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஊரில் சிங்களவருக்கு மிளகு விற்கிறவர் அவர். தமிழில் பேசியது, தன் சொந்த மொழியில் பிசகாமல் சொல்ல வேண்டும் என்பதற்காக. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன்.

மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சபையைப் பார்த்து ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு வயதான சிங்களவர் எழுந்து, தன் தகப்பன் சின்ன வயதில் அந்தப் பலாவில் ஏறிக் காய் திருடி அந்த வீட்டு மனுசனிடம் அடி வாங்கியிருக்கிறார், ஆகவே தனக்கு ஆட்சேபமில்லை என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மெடமும் சிரித்தார். பிறகு என்னிடம், "கச்சேரியில் சொன்னதை எழுதித்தான் ஆகவேண்டும். அவர் சொன்ன மாதிரியே எழுதிக் கோப்பில் போடுங்கள்" என்றார். பெரிய பதவியில் இருக்கிறவர் ஒரு சின்ன வேலையைச் சரியாகச் செய்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அழகு மேலிடத்தில் எடுபடவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுத் தாள்: நான்காவது கட்டம் நிரப்பப்படவில்லை, அத்துமீறிய திகதியைக் குறிப்பிட்டு மீள அனுப்பவும். எங்கள் பொறுப்பாளர் சாவகச்சேரிப் பக்கத்து மனிதர். முப்பது வருட சேவையில் ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவர். தாளை வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தார்.

"ஒரு திகதியைப் போட்டு அனுப்பிவிடும் பிள்ளை. ஆர் பாக்கப் போகினம்? அந்த மனுசிக்கும் வீடு கிடைச்சிடும்."

அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. அடையாள அட்டை நகல் கோப்பிலேயே இருந்தது. எட்டு இலக்கம் எழுதினால் போதும், உம்மாவுக்குச் சுவர் வந்துவிடும். யாருக்கும் தெரியப்போவதுமில்லை. பேனாவை எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். ஆனால் எழுத முடியவில்லை. அவர் மழையில் நனைந்து காப்பாற்றிய ஒன்றை நான் விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு கொடுத்துவிடப் பார்க்கிறேனே என்று இருந்தது.

சனிக்கிழமை பல்லேபொல பஸ் எடுத்து, இறங்கி, ஒரு முச்சக்கர வண்டி பிடித்துப் போனேன். தாயும் மகளுமாக ஓடையிலிருந்து கல் தூக்கிப் பின்பக்கத்தில் இடுப்பளவு சுவர் எழுப்பியிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். கெஞ்சவும் செய்தேன். "அடுத்த மழைக்கு இது தாங்காது உம்மா. நானே போட்டுடுறேன். நீங்க ஒன்னும் எழுத வேணாம்."

அவர் கையில் ஒட்டிய மண்ணைத் தேய்த்து உதிர்த்தார்.

"நீங்க போடாதீங்க மகள். உங்களுக்குத் தெரியாதே எந்த நாளெண்டு. தெரிஞ்சவங்க போடட்டும். போட்டு, நான்தான் போட்ட எண்டு கீழ பேரயும் எழுதிக் கைவெக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன். திங்கட்கிழமை முதல் வேலையாக அதையே உத்தியோகபூர்வக் கடிதமாக அடித்தேன். விண்ணப்பதாரர் தாம் அறிய அப்படியொரு திகதி இல்லை எனக் காணிக் கச்சேரியில் கூறியுள்ளார். திணைக்களத்தின் பதிவுகளில் அத்திகதி இருப்பின், அதை அறிந்த உத்தியோகத்தர் குறித்த கட்டத்தில் நிரப்பி, பெயருடன் கையொப்பமிட்டு உதவவும். பொறுப்பாளர் இரண்டு முறை வாசித்தார். "உம்மட வேலைக்கு உலை வைக்கப் போறீர்" என்றார். பிறகு பேனாவை எடுத்து ஓரத்தில் தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டார். அந்த மனிதரை எனக்கு அதற்கு முன் அவ்வளவு பிடித்ததில்லை.

நாலரை மாதம் ஆனது. கோப்பு வந்த அன்று அதைத் திறக்கவே பயமாக இருந்தது. அது ஐந்து மேசை ஏறி இறங்கியிருந்தது. கடிதத்தைச் சுற்றிலும் நீலம், கறுப்பு, பச்சை என்று ஐந்து பேரின் சுருக்கக் கையெழுத்துகள். தகுந்த நடவடிக்கைக்கு, அவதானத்துக்கு, சிபாரிசு செய்யப்படுகிறது. எல்லாரும் எல்லாவற்றிலும் கையெழுத்து வைத்திருந்தார்கள். நான்காவது கட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. பெயர் போட்டுச் சொல் என்றதும், அவ்வளவு பெரிய அரசாங்கத்தில் அந்தத் திகதி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கடைசித் தாளில் அங்கீகரிக்கப்பட்டது என்று இருந்தது. நான் எழுந்து போய்ப் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் கதிரையில் சாய்ந்து, "கெட்டிக்காரி" என்றார். என்னைச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

உம்மா அனுமதிப்பத்திரம் வாங்க மகளோடு வந்தார். நான் எழுந்து நின்று கொடுத்தேன். மகள் அதை மெதுவாக வாசித்துக் காட்டினார். முழுவதும் கேட்டுவிட்டு, "காணி அரசாங்கத்தட எண்டுதான் இதிலயும் இரிக்கி" என்றார்.

"ஆமா உம்மா. விற்க முடியாது. அவங்க காணிதான், நீங்க இருக்கலாம்னு அர்த்தம்."

"பரவால்ல. நான் இரிக்கிறேன் எண்டும் எழுதியிரிக்கித்தானே. அது போதும், சுவரக் கட்டிக்கிடுவோம்."

தாளை உறையில் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "உங்கட வாப்பா எங்க மகள் இரிக்கிற?"

சொன்னேன். தோட்டம் மூடிப்போன பிறகும் அப்பா அந்த லயத்தை விட்டு வரவில்லை. நிலம் அரசாங்கத்துக்குப் போனது. லயத்தோடு சேர்ந்த துண்டுக்கு அங்குள்ள செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். உத்தியோகம் பார்க்கும் மகள் என்றால் சும்மாவா?

"ஆரு எழுதின படிவத்த?"

"நான்தான் உம்மா."

"அவருக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, சலாம் சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். அந்தப் படிவத்தின் நகலை எடுத்துவைத்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதல் கட்டத்திலிருந்து வாசித்தேன். நான்காவது கட்டத்தை வாசித்தபோது அவர் திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன். அரச காணியில் அத்துமீறிக் குடியேறிய திகதி என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு நாள், மாதம், வருடம். அதற்கும் கீழே அவருடைய கோணல்மாணலான கையெழுத்து.

அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ சொன்னன்னுதாம்மா வச்சேன்" என்றார்.